முள் ஏறியது, குரல் இல்லை

1

இந்த நாட்டில் தங்குவதற்கான பத்து வருட அட்டையின் காலம் இந்த வருடம் முடிகிறது. பிரான்சுக்கு வந்த பிறகு இது எனக்கு இரண்டாவது அட்டை. முதல் அட்டை கைக்கு வந்தபோது அதைப் படம் எடுத்து ஊருக்கு அனுப்பினேன். இரண்டாவது வந்தபோது பர்ஸில் வைத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டேன். மூன்றாவதுக்காக அலுவலகத்துக்குப் போன கதையைத்தான் எழுத உட்கார்ந்தேன். எழுத எழுத அது என் மச்சான் கதையாகிவிட்டது.

இதை எழுதலாமா என்று அவனிடம் கேட்டேன். "எழுது. பேரை மாத்திடு, ஊரையும் மாத்திடு" என்று டைப் அடித்தான். ஆகவே அவனுக்கு ஏழுமலை, அவன் மனைவியான என் தங்கைக்குச் செல்வி, இரண்டும் நான் வைத்த பெயர்கள். ஊர் கூட்டேரிப்பட்டுப் பக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நான் திண்டிவனத்தில் பத்தாவது வரை படித்தவன். மனைவி பாண்டிச்சேரிக் குடும்பம். அவர்கள் எல்லோருக்கும் இந்த நாட்டுக் குடியுரிமை உண்டு. கல்யாணம்தான் என்னை இங்கே கொண்டுவந்தது. பாரிஸுக்கு வடக்கே, ரயில் போகிற ஒரு ஊரில் இருக்கிறோம். ஒரு மருத்துவமனையின் துணி வெளுக்கும் கூடத்தில் வேலை பார்க்கிறேன். விடியும் முன் போனால் இரண்டு மணிக்கு விட்டுவிடுவார்கள். இயந்திரங்களின் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. எனக்கு அது வசதி.

அட்டைக்காகப் போன அலுவலகம் நம் ஊர் கலெக்டர் ஆபீஸ் மாதிரி. வேறு ஊரில் தங்கிக் கல்லூரியில் படிக்கும் மகள் அனிதா இதற்காகவே ரயிலேறி வந்திருந்தாள். கண்ணாடிக்குப் பின்னாலிருந்த அம்மா வேகமாக ஏதோ கேட்டார். நான் சிரித்துக்கொண்டே தலையாட்டி "வுய்" என்றேன். ஆமாம் என்று அர்த்தம். அவர் டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். மறுபடி கேட்டார். "வுய், மதாம்" என்றேன். அதற்குள் காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்த அனிதா நிமிர்ந்து, குறுக்கே புகுந்து என்னென்னவோ பேசினாள்.

வெளியே வந்ததும் கேட்டாள்.

"அப்பா, அவங்க என்ன கேட்டாங்க, சொல்லு?"

"அட்ரஸ் அதேதானான்னு."

"நீ அம்மாவ விட்டுப் பிரிஞ்சு தனியா இருக்கியான்னு கேட்டாங்க. ரெண்டு தரம் கேட்டாங்க. ரெண்டு தரமும் ஆமான்னுட்ட."

இனி நாங்கள் ஒரே வீட்டில்தான் வாழ்கிறோம் என்பதற்குக் காகிதம் கொடுக்க வேண்டும். மனைவியிடம் சொன்னபோது அவள் கோபப்படவில்லை.

"ஆமான்னு சொல்லிட்டு வந்துட்டீங்களா? நல்லதாப் போச்சு. ஒரு ஆளு சமையல் மிச்சம்" என்றாள்.

அன்று திரும்பி வந்த ரயிலில் அனிதா என்னிடம் ஒன்று கேட்டாள். "புரியலைன்னா புரியலைன்னு சொல்றதுக்கு என்னப்பா? ஏன் சிரிச்சிட்டே தலையாட்டற?" பிறகு போனில் யாருடனோ பிரெஞ்சில் சிரித்துப் பேசத் தொடங்கினாள்.

எனக்கு அதற்குப் பதில் தெரியும். புரியவில்லை என்றால் மறுபடி சத்தமாகச் சொல்வார்கள். சத்தமாகச் சொன்னாலும் புரியாது. அதற்குள் வரிசையில் நிற்பவர்கள் பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். ஆமாம் என்றால் எல்லாம் உடனே முடிந்துவிடுகிறது. இருபது வருடமாக இப்படித்தான். இதை மகளிடம் சொல்லத் தோன்றவில்லை. ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன்.

2

வேலை விட்டு வீட்டுக்கு வரும்போது யாரும் இருக்க மாட்டார்கள். மனைவி ஏழு மணிக்குத்தான் வருவாள். காப்பி போட்டுக்கொண்டு கம்ப்யூட்டரைத் திறப்பேன். கூட்டேரிப்பட்டில் அப்போது பொழுது சாயும் நேரம்.

அதில் ஒரு சாப்ட்வேர் இருக்கிறது. எங்களைப் போல சிற்றலை வானொலி கேட்கிற யாரோ ஒருவர் எழுதி, சும்மா எடுத்துக்கொள்ளுங்கள் என்று போட்டது. திறந்தால் கறுப்புப் பட்டையில் பச்சை எண்கள் தெரியும். அதுதான் அலைவரிசை. மௌசின் சக்கரத்தை உருட்டினால் எண் மாறும். அதற்குக் கீழே ஒரு முள். அலை எவ்வளவு பலமாக வருகிறதோ அவ்வளவுக்கு முள் ஏறும். ஓரத்தில் டைப் அடித்துப் பேசிக்கொள்ள ஒரு கட்டம். அதில் யார் உள்ளே இருக்கிறார்களோ அவர்கள் பெயருக்கு முன்னால் பச்சைப் புள்ளி எரியும்.

ரேடியோ மட்டும் என்னிடம் இல்லை. அது ஏழுமலை வீட்டு மேசையில் இருக்கிறது. இன்டர்நெட் வழியாக அதன் சத்தம் எனக்கு இங்கே கேட்கும். இங்கே நான் உருட்டினால் அங்கே அதன் எண் மாறும், குமிழ் அசையாது. முதல் நாள் இதைப் பார்த்துவிட்டு என் தங்கை செல்வி எனக்குப் போன் செய்தாள்.

"ண்ணா, ஆளே இல்ல, அது தானா மாறிக்கினு இருக்குது. பேய் கீய் பூந்துக்கிச்சா?"

"நான்தான் மாத்தறேன்."

"அங்கேர்ந்தா? ஒனக்கு வேற வேலையே இல்லையா?"

வேலை இல்லைதான். இங்கே நாங்கள் இருப்பது அடுக்குமாடியில் நான்காவது மாடி. லிப்ட் ஓடினால் இரைச்சல், மின் மீட்டரால் இரைச்சல். பால்கனியில் ஏரியல் கம்பி கட்ட அனுமதி இல்லை. பழைய சாமான் சந்தையில் வாங்கிய ரிசீவர், பின்பக்கம் கம்ப்யூட்டரோடு இணைக்கிற துளையெல்லாம் உள்ள நல்ல ரிசீவர், இங்கே வெறும் கரகரப்பைத்தான் கொடுத்தது. ஒரு முறை ஊருக்குப் போகும்போது துணிகளுக்கு நடுவே சுற்றி எடுத்துப் போனேன். சென்னை விமான நிலையத்தில் சுங்க அதிகாரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ரேடியோவா? எதுக்குங்க இத்தாம் பெருசு?"

"பாட்டு கேக்கறதுக்கு சார்."

"அத போன்லயே கேக்கலாமே?" என்று என்னைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

ஏழுமலை மாடித் தண்ணீர்த் தொட்டியிலிருந்து பின்வீட்டுத் தென்னை மரம் வரை கம்பி இழுத்துக் கட்டினான். திண்டிவனத்தில் மூடிவிட்ட ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து பழைய கம்ப்யூட்டர் வாங்கி வந்தான். சாப்ட்வேரைப் போட்டு இரண்டையும் இணைத்தான். அதெல்லாம் அவனுக்குக் கை வந்த வேலை. மைக் செட் கடை வைத்திருக்கிறான். மயிலம் சுற்று வட்டாரத்தில் கல்யாணம், காதுகுத்து, திருவிழா, கருமாதி எல்லாவற்றுக்கும் அவன் செட்தான்.

அவனும் நானும் ஒரே வகுப்பு. வெளிநாட்டு நிலையங்களின் தமிழ் ஒலிபரப்பைக் கேட்டு, எப்படிக் கேட்டது என்று எழுதிப்போட்டு, அவர்கள் அனுப்பும் படம் போட்ட அட்டைகளைச் சேர்ப்போம். வருடத்துக்கு ஒரு முறை விழுப்புரத்தில் நேயர்கள் கூடுவார்கள். இருவரும் பஸ் ஏறிப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு வருவோம். ரேடியோ கேட்க எங்கள் வீட்டுக்கு வந்தவன் என் தங்கையையும் பார்த்திருக்கிறான். கல்யாணம் பேச வந்தபோதுதான் அது எனக்குத் தெரியும்.

இப்போது இரண்டு பேரும் ஒரே ரேடியோவுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறோம். யார் கடைசியாக உருட்டினார்களோ அவர்கள் வைத்த எண்தான் நிற்கும். "கைய எடு மச்சான், நான் கேட்டுக்கினு இருக்கறேன்ல" என்று கட்டத்தில் வரும். எடுத்துவிடுவேன். போனில் நாங்கள் பேசுவதே இல்லை. செல்வியோடு பேசும்போது அவனிடம் கொடு என்றால், டவர் இல்லை என்பான், அப்புறம் டைப் பண்ணச் சொல்லு என்பான். நான் வற்புறுத்தியதில்லை. எனக்கும் போனில் பேச வராது. இரண்டு கூச்சக்காரர்களுக்கு இது நல்ல ஏற்பாடு என்றே மூன்று வருடமாக நினைத்திருந்தேன்.

3

அலுவலகத்துக்குப் போய்வந்த அதே வாரம் அது நடந்தது.

நாங்கள் தினமும் கேட்கிற ஒரு தூர நாட்டின் தமிழ்ச் சேவை உண்டு. ஒலிபரப்புக்குச் சில நிமிடம் முன்பே வெறும் அலை வரும். பிறகு முகப்பு இசை, அதன் பின் வணக்கம். அன்று அலை வந்தது. முள் கடைசி வரை ஏறி நின்றது. இசை வரவில்லை. வணக்கமும் வரவில்லை. அலை பலமாக இருந்தால் பின்னணி இரைச்சலும் அடங்கிவிடும். அதனால் காதில் ஒன்றுமே இல்லை. அங்கே யாரோ அறிவிப்பாளர் அறையிலிருந்து வருகிற கம்பியை இணைக்க மறந்திருப்பார்கள். எப்போதாவது இப்படி ஆகும். நான் அந்த அரை மணி நேரமும் ஹெட்போனைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். எழுந்து செய்ய வேறு வேலை இல்லை.

முடியும் நேரத்தில் கட்டத்தில் ஏழுமலை எழுதினான். "இன்னிக்கு சூப்பர் மச்சான்."

கேலி செய்கிறான் என்று நினைத்து "ஆமா" என்று போட்டேன்.

பிறகு விழுப்புரம் நேயர்களின் வாட்ஸ்ஆப் குழுவைப் பார்த்தேன். எப்படிக் கேட்டது என்பதை அங்கே ஐந்து எண்களில் எழுதுவார்கள். அலையின் பலம், குறுக்கீடு, இரைச்சல், ஏற்ற இறக்கம், மொத்தத் தெளிவு ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஐந்துக்கு இத்தனை என்று. ஏழுமலை எல்லாவற்றுக்கும் ஐந்து போட்டிருந்தான். கூடவே "செய்திகள் மிகத் தெளிவு. அறிவிப்பாளர் குரல் அருமை" என்று ஒரு வரி.

விழுப்புரத்து வாத்தியார் ஒருவர் அதற்குக் கீழே எழுதியிருந்தார். "வெறும் அலைதாங்க வந்துச்சு. குரலே இல்லியே?"

கெடார் ஊர்க்காரர் ஒருவர், "ஏழுமலை சார் காதுகிட்ட மட்டும் வந்து தனியா படிச்சிட்டுப் போனாங்களோ என்னமோ" என்று போட்டிருந்தார்.

இன்னொருவர், "மைக் செட்காரர் ஆச்சே, கனெக்‌ஷன அவரே குடுத்திருப்பாரு."

வரிசையாகச் சிரிக்கும் பொம்மைகள். ஏழுமலையும் ஒரு சிரிக்கும் பொம்மை போட்டு, "நேத்து போட வேண்டியத இன்னிக்கு மாத்திப் போட்டுட்டேங்க" என்று எழுதினான். எல்லோரும் நம்பினார்கள். பேச்சு வேறு பக்கம் போய்விட்டது.

நானும் நம்பியிருப்பேன். ஆனால் அவன் கேட்ட அதே ரேடியோவைத்தான் நானும் கேட்டேன்.

மறுநாள் ஒலிபரப்பு சரியாக வந்தது. ஒரு பழைய பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. "இது என்ன பாட்டு மச்சான்?" என்று கேட்டேன். பாட்டு முடிந்து அடுத்தது தொடங்கிவிட்டது. பிறகு "நீயே சொல்லு. ஒனக்குத்தான பாட்டெல்லாம் தெரியும்" என்று வந்தது.

கட்டத்தில் எங்கள் பழைய பேச்சுகளை மேலே தள்ளிக்கொண்டே போனேன். "சூப்பர்." "முள்ளு நிக்குது பாரு." "இன்னிக்கு பலம் கம்மி." "நேத்தைக்கு இது தேவல." ஒரு நாள்கூட அவன் அங்கே என்ன பேசினார்கள் என்று எழுதியதில்லை. எல்லாமே முள்ளைப் பார்த்து எழுதியது. நான் அலுவலகக் கண்ணாடிக்கு முன்னால் நின்று வுய் சொல்வதும் இப்படித்தான். அதனால் புரிந்துகொள்ள எனக்கு அதிக நேரம் பிடிக்கவில்லை.

தெரிந்துகொண்ட பிறகும் ஒன்றும் தோன்றவில்லை. காப்பி தம்ளரைக் கழுவி வைத்தேன்.

4

ஞாயிற்றுக்கிழமை செல்வி போன் செய்தாள்.

"ண்ணா, நான் கார்த்தி வீட்டுக்குப் போறேன்."

கார்த்தி அவள் மகன். சென்னையில் வேலை. போன வருடம்தான் கல்யாணம் ஆனது.

"போயிட்டு வா. எத்தினி நாளு?"

"நாளெல்லாம் இல்ல. போறேன், அவ்ளோதான். அங்கியே இருந்துடுவேன்."

அவளே தொடர்ந்தாள்.

"உம் மச்சானுக்கு நான் இருந்தாலும் ஒண்ணுதான், இல்லாட்டியும் ஒண்ணுதான். கூப்புட்டா திரும்பிக்கூடப் பாக்கறதில்ல. எதுர்ல போயி நின்னாத்தான் என்னாங்கறாரு. அதுவும் மூஞ்சையே மொறைச்சுப் பாத்துக்கினு. என்னா தப்பு பண்ணிட்டேன் நானு?"

"அவன் சின்ன வயசுலேர்ந்தே பேசமாட்டான் செல்வி."

"பேசாம இருக்கறது வேற. போன வாரம் ஜுரம் எனக்கு. ஒடம்பு அனலாக் கொதிக்குது. எழுந்துக்க முடியல. தண்ணி, தண்ணின்னு கூப்புடறேன். ஏங்க, கொஞ்சம் தண்ணி குடுங்கன்னு. இதோ இந்த ரூமுக்கும் அந்த ரூமுக்கும் நடுவுல ஒரு கதவுதான். குந்திக்கினு பொட்டியப் பாத்துக்கினு இருக்கறாரு. நாயி கூடத் திரும்பிப் பாக்கும்ணா. கடைசில பக்கத்து வீட்டுப் பொண்ணு வந்து குடுத்துச்சு. எனக்கு வெக்கமாப் போச்சு."

"ஹெட்போன் மாட்டிக்கினு இருந்திருப்பான்."

"மாட்டல. கழுத்துல தொங்கிக்கினு இருந்துச்சு. நான்தான் பாத்தனே."

"காது கீது..." என்று மெல்ல ஆரம்பித்தேன்.

"காதுக்கு என்னா கேடு? மண்டபத்துல ஒரு மூலையில ஸ்பீக்கர் கரகரன்னா போதும், மொத ஆளா ஓடறாரு. அது கேக்குதுல்ல? நான் கூப்புட்டா மட்டும் கேக்கலையா?" கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினாள். "நீ கொண்டாந்த பொட்டிதாண்ணா எல்லாத்துக்கும் காரணம். ஒன்னையும் சேத்துத்தான் சொல்றேன். ரெண்டு பேரும் அதுலயே குடும்பம் நடத்துங்க."

வெள்ளிக்கிழமை கிளம்புவதாகச் சொன்னாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்று தெரிந்தது. அது நான் சொல்ல வேண்டிய வார்த்தையா, அவன் சொல்ல வேண்டியதா என்று தெரியவில்லை. "யோசிச்சுச் செய்" என்று மட்டும் சொன்னேன். "யோசிச்சாச்சு" என்று வைத்துவிட்டாள்.

5

திங்கட்கிழமை கட்டத்தில் எழுதினேன்.

"மச்சான், ஒனக்குக் காது கேக்கலையா?"

எழுதி அனுப்பிவிட்டு முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது. பதில் வந்தது.

"யார்னா சொன்னாங்களா?"

"இல்ல. நானே கண்டுபுடிச்சேன்."

"விழுப்புரத்துல ஒரு டாக்டர் கிட்ட போயிருந்தேன். நரம்பு போச்சாம். இத்தினி வருஷம் ஹார்ன் ஸ்பீக்கர் பக்கத்துலயே நின்னதுல. மெஷின் வெச்சா கொஞ்சம் கேக்கும்னாரு."

"வெச்சுக்க வேண்டியதுதான?"

"வெச்சுக்கினு மண்டபத்துல போயி நின்னா? செவிடன் மைக் செட்டுன்னு பேர் வெச்சிருவானுங்க. அப்பறம் எவன் கூப்புடுவான்?"

"இப்ப எப்பிடி செய்யற?"

"ஆம்ப்ளிபயர்ல லைட்டு ஏறி எறங்குதுல்ல, அதப் பாத்துத்தான். ஜனங்க மூஞ்ச சுளிச்சா கொறைப்பேன். கொழந்தைங்க காதப் பொத்திக்கினா எங்கியோ கரகரங்குதுன்னு அர்த்தம். ஓடுவேன்."

அதை இரண்டு முறை படித்தேன். பிறகு எழுதினேன். "செல்விகிட்டயாவது சொல்லேன்."

"அவகிட்ட சொன்னா அழுவா. நாலு பேர் கிட்ட சொல்லி அழுவா. அப்பறம் என்னப் பாத்து பரிதாபப்படுவா. திமிர் புடிச்சவன்னே நெனைச்சிக்கினு போவட்டும். அது எனக்குப் பழகிடுச்சு."

"அவ வெள்ளிக்கெழம கெளம்பறா."

"தெரியும். பைக்குள்ள பொடவையெல்லாம் வெச்சிக்கினு இருந்தா. பாத்தேன்."

"விட்டுடுவியா?"

முள் இறங்கிவிட்டது. ஒலிபரப்பு முடிந்திருந்தது. "சொல்லிடாத மச்சான். ஒன்னத்தான் நம்பறேன்" என்று மட்டும் எழுதினான்.

சொல்ல மாட்டேன் என்று டைப் அடித்தேன்.

வாரம் முழுக்க வேலைக்குப் போனேன். மருத்துவமனைப் படுக்கை விரிப்புகள் ஈரமாக வந்துகொண்டே இருக்கும். இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து இயந்திரத்துக்குள் விட வேண்டும். எதிர் முனையைப் பிடிக்கும் மாலி நாட்டுக்காரரும் நானும் பல வருடமாகச் சேர்ந்து வேலை செய்கிறோம். அவர் பெயர் தவிர வேறொன்றும் எனக்குத் தெரியாது. புதன்கிழமை மனைவி, "ஏன் ஒரு மாதிரியா இருக்கீங்க?" என்று கேட்டாள். "ஒண்ணுமில்ல" என்றேன். அது பொய் இல்லை.

6

வெள்ளிக்கிழமை நான் கம்ப்யூட்டருக்கு முன் உட்கார்ந்து, ஒலிபரப்பு தொடங்கக் காத்திருந்தபோது செல்வி கூப்பிட்டாள்.

"ண்ணா, கெளம்பிட்டேன். ஆட்டோ சொல்லியிருக்கு, திண்டிவனம் போயி பஸ் புடிச்சிடுவேன். ஒங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிக்கினு போலாம்னு."

"அவன்கிட்ட சொன்னியா?"

"யாருகிட்ட? முதுகுகிட்டயா? அதோ அத மாட்டிக்கினு குந்திக்கினு இருக்கறாரு. பையத் தூக்கிக்கினு பின்னாலயே நிக்கறேன். திரும்பட்டும் பாக்கலாம்னு நிக்கறேன்."

என் திரையில் முள் ஏறத் தொடங்கியது. கடைசி வரை போய் நின்றது. ஒலிபரப்புக்கு முன்னால் வரும் வெறும் அலை. கட்டத்தில் ஏழுமலை எழுதினான். "வந்துருச்சு மச்சான். நல்லா இருக்கு."

நான் எதையும் திட்டமிடவில்லை. வாயில் அப்படி வந்துவிட்டது.

"செல்வி, அவன் மாட்டிக்கினு இருக்கறத வாங்கி ஒன் காதுல வெச்சுப் பாரு."

"எனக்கெதுக்கு அந்தக் கருமம்?"

"ஒரே ஒரு தரம். அப்பறம் நீ போ. நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"ரெண்டு பேருக்கும் நல்லா முத்திப் போச்சு" என்றாள். அவள் நடப்பது கேட்டது. "குடுங்க இப்பிடி" என்ற குரல் கேட்டது.

"ஒண்ணுமே கேக்கலையேண்ணா."

"ஆமா."

"கெட்டுப் போச்சா?"

"கெடல. எனக்கும் இதேதான் வருது. இன்னும் நிகழ்ச்சி ஆரம்பிக்கல. அதுல இப்ப ஒண்ணுமே இல்ல."

"பின்ன இவரு இவ்ளோ நேரம் எதக் கேட்டுத் தலையாட்டிக்கினு..."

அதோடு நிறுத்திவிட்டாள். சொல்ல மாட்டேன் என்று எழுதிக் கொடுத்ததை நான் காப்பாற்றினேனா, மீறினேனா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

கட்டத்தில் அவன் வரி வந்தது. "ஒன் தங்கச்சி வந்து வாங்கிக் கேட்டா மச்சான். திருப்பிக் குடுத்துட்டா. இன்னிக்கு நல்ல தெளிவு, கேக்கட்டும்."

அதை நான் படித்துக்கொண்டிருந்தபோது போனில் அவள் அவனைக் கூப்பிடுவது கேட்டது. "கார்த்தி அப்பா." மெதுவாகத்தான் கூப்பிட்டாள். பிறகு, "ஏங்க." பிறகு சத்தமாக, "ஏங்க, நான் போறேன்." பிறகு ஏதோ பாத்திரம் கீழே விழுந்து உருண்டு உருண்டு நின்றது. அவளே எடுத்துப் போட்டிருக்க வேண்டும். இவ்வளவு தூரத்தில் என் காதே ஒரு முறை அதிர்ந்தது. கட்டத்தில் அவன் இன்னும் எழுதிக்கொண்டிருந்தான். "முள்ளப் பாரு, அசையல."

வெளியே ஆட்டோ ஹார்ன் அடித்தது.

"வெச்சிடறேண்ணா" என்றாள். குரலில் அழுகை இல்லை.

முகப்பு இசை அதன் பிறகுதான் வந்தது. வணக்கம் சொன்னார்கள். செய்தி படித்தார்கள். என்ன படித்தார்கள் என்று நினைவில்லை.

7

சனிக்கிழமை யாரும் கூப்பிடவில்லை. ஞாயிறும் கூப்பிடவில்லை. ஏழுமலை உள்ளே வந்தான், போனான், ஒன்றும் எழுதவில்லை. அவள் போய்விட்டாளா என்று நானும் கேட்கவில்லை. அட்டைக்குக் காட்ட, மின்சார ரசீதில் என் பெயரையும் சேர்க்கச் சொல்லி மனைவி ஓர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டேன்.

செவ்வாய்க்கிழமை கட்டத்தில் மூன்றாவதாக ஒரு பச்சைப் புள்ளி எரிந்தது. பெயர் போடாமல் யார் நுழைந்தாலும் சாப்ட்வேர் அவர்களுக்கு 'கெஸ்ட்' என்று வைக்கும்.

"சோறு ஆறுது. எழுந்து வாங்க."

"யாரு இது?" என்று ஏழுமலை எழுதினான்.

"நாந்தான். கார்த்தி சொல்லிக் குடுத்தான், என் போன்லேர்ந்து எப்பிடி உள்ள வர்றதுன்னு. அத மாட்டிக்கினு இருந்தா தொண்டை கிழியக் கத்தினாலும் ஒங்களுக்கு விழறதில்ல. இனிமே இதுலதான் கூப்புடுவேன்."

செல்வி வீட்டில்தான் இருக்கிறாள் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. பிறகு அவன் எழுதினான். "தோ வர்றேன்."

அன்றிலிருந்து தினமும் வருகிறது. "தோசை ஊத்தறேன்." "மல்லாட்டைச் சட்னி, தீந்துடும்." "மழ வருது, மாடில துணி." "ஆர்டர் குடுக்க ஆளு வந்திருக்காங்க. நான் பேசிக்கினு இருக்கறேன். வாசப் பக்கம் வந்து என் மூஞ்சப் பாருங்க." ஒரு நாள் "தண்ணி" என்று மட்டும் வந்தது. அவன் எழுந்து போனான். அவளுக்கு என்ன என்று நான் கேட்கவில்லை. அவனே திரும்பி வந்து, "ஒண்ணுமில்ல, சும்மா கேட்டிருக்கா" என்று எழுதினான்.

அது நடந்து சில நாள் கழித்துத்தான் அவன் என்னிடம் கேட்டான். செல்வியின் புள்ளி அணைந்திருந்த நேரம்.

"நீ எதுனா சொன்னியா மச்சான்?"

"ஒரு வார்த்தை சொல்லல."

"ஆனா அவளுக்குத் தெரிஞ்சு போச்சு இல்ல?"

பதில் அடிக்கத் தொடங்கினேன். அவனே அடுத்த வரியையும் எழுதினான்.

"தெரியும்னு எனக்குத் தெரியும். அத அவகிட்ட சொல்லிடாத. இப்பிடியே போவட்டும்."

"சரி" என்று போட்டேன்.

காது மெஷின் பற்றி நான் மறுபடி பேசவில்லை. கல்யாண சீசன் முடியட்டும் என்று இருக்கிறேன். அதற்குள் செல்வியே பேசிவிடவும் கூடும். குழுவுக்கு அவன் அனுப்பும் அறிக்கைகள் மட்டும் மாறியிருக்கின்றன. என்ன செய்தி, யார் பாட்டு, எங்கே குரல் தடைப்பட்டது என்று நான் கேட்கக் கேட்கக் கட்டத்தில் அடித்துவிடுகிறேன். முள்ளை அவன் பார்த்துக்கொள்கிறான். எண்களை அவன் போடுகிறான். போன வாரம் விழுப்புரத்து வாத்தியார், "இப்பல்லாம் ரொம்ப விவரமா எழுதறீங்க ஏழுமலை" என்று பாராட்டியிருந்தார். அவன் ஒரு கும்பிடும் பொம்மை போட்டிருந்தான்.

நேற்று செய்தி பாதி வந்துகொண்டிருக்கும்போது மூன்றாவது புள்ளி எரிந்தது.

"கேப்பக் களி. கருவாட்டுக் கொழம்பு. ஆறிடும்."

"தோ வர்றேன். மச்சான், மிச்சத்தக் கேட்டு வெய்யி."

அவன் புள்ளி அணைந்தது. அவள் புள்ளியும் அணைந்தது. முள் அப்படியே நின்றது. நான் ஹெட்போனைக் காதோடு சேர்த்து அழுத்திக்கொண்டு மீதிச் செய்தியைக் கேட்டு, ஒரு வரி விடாமல் டைப் அடித்து வைத்தேன்.